உறையும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் வேண்டும்

பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய அக்கா கனடாவில், டொராண்டோவுக்கு அருகில் வீடு வாங்கியிருக்கிறார். வீட்டின் முன்னால் கார் நிறுத்தப் போட்ட கான்கிரீட் தளம் இரண்டு குளிர்காலம் தாண்டுவதற்குள் மேல்தோல் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருக்கும் கல் தெரிகிறதாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காசு அகலத்தில் குழிகளும் விழுந்திருக்கின்றன. தோட்டத்தில் முப்பது ஆண்டு கொத்து வேலை பார்த்த அவர்களுடைய அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, சிமெண்டைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள், அடுத்த முறை கூடுதலாகப் போடச் சொல் என்கிறார். தோட்டத்து வாய்க்கால் பாலம் வெள்ளைக்காரத் துரை காலத்தில் போட்டது. இன்றும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி அதன் மேல் போய் வருகிறது. அதற்கு வராத கேடு புதுத் தளத்துக்கு ஏன் வந்தது, சிமெண்டைக் கூட்டினால் தீருமா, திரும்பப் போடும்போது அக்கா என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்கிறார்.

சிமெண்டைக் கூட்டினால் மட்டும் தீராது. படங்களை வைத்துப் பார்த்தால், அந்தத் தளத்தின் மேற்பகுதியில் குறைந்திருப்பது காற்று. கண்ணுக்குத் தெரியாத, மிக நுண்ணிய காற்றுக்குமிழ்கள். குழிகளுக்குக் காரணம் வேறு, அது கல்லின் கோளாறு. இரண்டையும் விளக்கமாகச் சொல்கிறேன். ஒண்டாரியோவில் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் நான்கு குளிர்காலம் வேலை பார்த்தவன் நான். ஊர் திரும்பிய பிறகு பேராக் கல்குவாரிகளின் கல்லையும் மணலையும் சோதிப்பதே என் பிழைப்பு. அதனால் இரண்டு ஊர்க் கான்கிரீட்டும் எப்படிச் சாகும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் அப்பாவின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கு அவர் சொல்வது பெரும்பாலும் சரி. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை கேமரன் மலையில் 1978 பிப்ரவரியில் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ். கினபாலு மலையின் 4,095 மீட்டர் உச்சியில் எப்போதாவது பனிப்படலம் படிவதைத் தவிர, இந்த நாட்டில் திறந்த வெளியில் தண்ணீர் உறைவதில்லை. கடலோரத் தாழ்நிலத்தில் பகலும் இரவும் வெக்கையும் ஈரமும்தான். சிமெண்டுக்கு அது தாய்வீடு போன்றது. ஈரம் கிடைத்துக்கொண்டே இருந்தால் சிமெண்டு பல ஆண்டுகள் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். அந்தப் பாலம் கெட்டியாக நிற்பதில் வியப்பில்லை. நம் ஊர்க் கான்கிரீட்டுக்கு எமன் வேறு. கடலோர உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். செம்பனை ஆலையின் கழிவுநீரில் இருக்கும் அமிலம் தளத்தின் சிமெண்டைத் தின்று கல்லை மட்டும் மிச்சம் வைக்கும். ரப்பர் ஆலைகளில் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலமும் தளத்தில் அதே வேலையைச் செய்யும். இவற்றுக்கெல்லாம் செறிவான, தண்ணீர் குறைந்த, சிமெண்டு தாராளமாக இருக்கும் கலவை நல்ல தடுப்பு. உறைபனி இருக்கும் நாட்டில் அந்தத் தடுப்பு பாதி தூரம்தான் வரும்.

ஏன் என்று புரிய, இறுகிய கான்கிரீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். வெளியே பார்க்கக் கல்போல இருந்தாலும் உள்ளே அது கடற்பஞ்சு போன்றது. கலவை வழுவழுப்பாக ஓடவேண்டும் என்பதற்காக, சிமெண்டு தன் வேதிவினைக்குக் குடிக்கும் அளவைவிட நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம். சிமெண்டின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு தண்ணீரே வினைக்குப் போகிறது. நாம் ஊற்றுவது பாதிப்பங்கும் அதற்கு மேலும். மிச்சத் தண்ணீர் நின்ற இடமெல்லாம் நுண்குழாய்களாக மாறிவிடுகின்றன. மழையும் உருகிய பனியும் அந்தக் குழாய்கள் வழியாகத்தான் உள்ளே ஊறுகின்றன. சிமெண்டுப் பசைக்குள்ளேயே இவற்றைவிடப் பல மடங்கு நுண்ணிய துளைகளும் உண்டு. அவற்றில் இருக்கும் தண்ணீர் மைனஸ் 78 டிகிரி வரை போனாலும் உறையாது. அவ்வளவு நெருக்கமான இடத்தில் பனிக்கட்டிக்கு முளைவிட இடம் கிடைப்பதில்லை. ஆபத்து நுண்குழாய்த் தண்ணீரில் இருக்கிறது. பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே இறங்கியதும் அது உறையத் தொடங்கிவிடும்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். பிளாஸ்டிக் போத்தலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி உறைபெட்டியில் வைத்தவர்களுக்கு மறுநாள் காலை அதன் வயிறு உப்பியிருப்பது தெரியும். அதே போத்தலில் சற்றுக் குறைத்து ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கான்கிரீட்டுக்கும் இதே கணக்குதான். துளைகள் ஏறக்குறைய 91.7 விழுக்காட்டுக்குக் கீழே நிரம்பியிருந்தால், விரிவதற்கு இடம் இருக்கிறது. அதைத் தாண்டி நிரம்பிவிட்டால் இடம் இல்லை. அக்கா வீட்டுச் சுவரோ அதன் அடித்தளத்தின் வெளியே தெரியும் பகுதியோ உரியாமல், தரைத்தளம் மட்டும் உரிவதற்குக் காரணம் இதுவே. செங்குத்தான சுவரில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். தட்டையாகக் கிடக்கும் தளத்தில் பனி குவிந்து, உருகி, தேங்கி, மணிக்கணக்கில் ஊறும். கடுங்குளிரில் உலர்ந்து கிடக்கும் கான்கிரீட்டுக்கு ஒரு கேடும் வராது. ஊறிய பிறகு உறைவதுதான் கேடு.

ஆனால் பனிக்கட்டி விரிந்து சுவரைத் தள்ளுகிறது என்ற விளக்கத்தோடு இது நிற்கவில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்டு சங்கத்தில் பணியாற்றிய பவர்ஸ் 1945இல் சொன்ன விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. நுண்குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி உருவாகும்போது, இன்னும் உறையாத தண்ணீர் அங்கிருந்து தள்ளப்படுகிறது. அந்தத் தண்ணீர் நெருக்கமான சிமெண்டுப் பசை வழியாகப் பிதுங்கி ஓட வேண்டும். ஓட வேண்டிய தூரம் அதிகமானால் உள்ளழுத்தம் அதிகமாகும். அழுத்தம் பசையின் இழுவலிமையைத் தாண்டும் கணத்தில் விரிசல் விழும். பின்னர் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தண்ணீர் பல சமயம் பனிக்கட்டியிலிருந்து விலகி ஓடுவதற்குப் பதில், அதை நோக்கி இழுக்கப்படுகிறது. நுண்துளைகளில் உறையாமல் இருக்கும் நீர் பனிக்கட்டியைத் தேடிப்போய்ச் சேர்ந்து அதை வளர்க்கிறது. இதற்கு ஒரு சான்று என்னை எப்போதும் வியக்க வைக்கும். பென்சீன் என்ற திரவம் உறையும்போது சுருங்கும், விரியாது. சிமெண்டுப் பசையைப் பென்சீனில் ஊறவைத்து உறையவைத்தபோது அந்தப் பசையும் விரிந்தது. அப்படியானால் 9 விழுக்காட்டு விரிவு மட்டுமே குற்றவாளி ஆகாது. திரவம் இடம்பெயர்வதிலும் கேடு இருக்கிறது.

உருகுவது ஓய்வுநேரம் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். அப்போதும் கேடு நடக்கிறது. வெயில் பட்டதும் மேற்பரப்பு முதலில் இளகும், உள்ளே இன்னும் பனிக்கட்டி. குளிரும்போது சுருங்கிய பசை இப்போது விரிந்து, மேலே தேங்கிய உருகிய நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் மீண்டும் உறைகிறது. நம் கைப்பம்பை மேலும் கீழும் அடிப்பதுபோல ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதல் நீர் ஏறும். சும்மா மழையில் ஊறினால் எட்டாத அளவு நிரம்பலை இந்த உறைதலும் உருகுதலும் சேர்ந்து எட்டிவிடும். ஆகவே, குளிர்காலம் முழுவதும் உறைந்தே கிடக்கும் ஊரைவிட, பகலில் உருகி இரவில் உறையும் ஊர் கான்கிரீட்டுக்குக் கொடியது. டொராண்டோவைச் சுற்றிய பகுதி அப்படிப்பட்டது.

இனி காற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1930களில் அமெரிக்காவில் கான்கிரீட் சாலைகள் உரிந்துகொண்டிருந்த காலத்தில், சில சாலைத் துண்டுகள் மட்டும் கெடாமல் இருப்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். தேடிப் பார்த்தபோது, அந்தத் துண்டுகளுக்கு வந்த சிமெண்டை அரைக்கும்போது அரைப்புக்கு உதவியாகக் கொழுப்பும் பிசினும் போன்ற பொருள்கள் சேர்ந்திருந்தன. சோப்பு நுரைப்பதுபோல அவை கலவைக்குள் நுண்குமிழ்களை உண்டாக்கி நிலைக்க வைத்திருந்தன. யாரும் திட்டமிடாமல் வந்த கொடை இது. அதற்குப் பிறகு பைன் மரக்கட்டையிலிருந்து எடுத்த பிசினைக் கொண்டு வேண்டுமென்றே குமிழ் உண்டாக்கும் மருந்துகள் வந்தன. இன்று உறைபனி நாடுகளில் வெளிப்புறக் கான்கிரீட் எதுவும் அந்த மருந்து இல்லாமல் போடப்படக் கூடாது.

குமிழ் என்ன செய்கிறது? நம் கடலோரத் தோட்டங்களில் செம்பனை வரிசைகளுக்கு நடுவே பாரிட் என்னும் வடிகால் வெட்டியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பாரிட்டைத் தோட்டத்தின் ஓரத்தில் வெட்டிவிட்டால் போதாது. நடுவில் நிற்கும் மரத்தின் வேரடித் தண்ணீர் அதுவரை போய்ச் சேர்வதற்குள் மரம் மூழ்கிவிடும். சில வரிசைக்கு ஒன்றாகச் சிறு பாரிட் ஓடினால்தான் எந்த மரத்தடித் தண்ணீருக்கும் ஒதுங்க இடம் பக்கத்திலேயே கிடைக்கும். குமிழ்களும் அப்படித்தான். கான்கிரீட்டில் மொத்தம் எவ்வளவு காற்று என்பதைவிட, எந்தப் புள்ளியில் நின்றாலும் அடுத்த குமிழ் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே உயிர்நாடி. அந்தத் தூரம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல்லாண்டு ஆய்வில் உறுதியான அளவு. மூன்று தாள்களை அடுக்கினால் வரும் தடிப்புக்கும் குறைவு.

சோதனைக்கூடத்தில் இறுகிய கான்கிரீட்டை அறுத்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். நல்ல கான்கிரீட் நன்றாகப் பொங்கிய இட்லியைக் கத்தியால் அறுத்ததுபோலத் தெரியும். சாம்பல்நிறப் பசை முழுக்க உருண்டை உருண்டையான குமிழ்கள், ஒன்றையொன்று தொடாமல், மிக நெருக்கமாக. பெரும்பாலானவை மணல் துகளைவிடச் சிறியவை. ஒரு கன மீட்டரில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். மோசமான கான்கிரீட்டிலும் ஓட்டை உண்டு, ஆனால் புட்டில் இருப்பதுபோலக் கோணல்மாணலாக, பெரிதாக, ஒன்றுக்கொன்று தொலைவில். அது கலக்கும்போது தானாகச் சிக்கிக்கொண்ட காற்று. 20 மில்லிமீட்டர் கல் போட்ட சாதாரணக் கலவையில் 1 அல்லது 2 விழுக்காடு அப்படிச் சிக்கும். உறைபனிக்கு அது உதவாது. பயணிகள் ஏறாத நிறுத்தத்தில் நிற்கும் பஸ் போல, இருந்தும் பயனில்லை.

இங்கேதான் உங்கள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். ஓட்டை வைத்தால் கான்கிரீட்டின் பலம் குறையாதா? குறையும். மற்றவை மாறாமல் இருந்தால், ஒவ்வொரு 1 விழுக்காட்டுக் காற்றுக்கும் அமுக்கு வலிமை ஏறக்குறைய 5 விழுக்காடு இறங்கும். கொத்து வேலையில் கைதேர்ந்தவர்கள் இதை உணர்ந்தே ஓட்டையைப் பகையாகப் பார்க்கிறார்கள். ஆனால் குமிழ்கள் கலவையை வழுக்கவைத்து நன்றாகப் பரவச் செய்வதால், அதற்குரிய தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். இழந்த பலத்தில் ஒரு பகுதி அப்படியே திரும்பி வந்துவிடும். மீதிக்குச் சிமெண்டைக் கூட்டலாம். அந்த இடத்தில் அப்பாவின் கூடுதல் சிமெண்டுக்கு வேலை இருக்கிறது. நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்று. பலம் வேறு, நீடித்து உழைப்பது வேறு. காற்றில்லாத 50 மெகாபாஸ்கல் (அமுக்கு வலிமையின் அலகு) கான்கிரீட் நீரில் ஊறி உறைந்து உருகிச் சோதனையில் நொறுங்கியதையும், சரியான குமிழோடு இருந்த 32 மெகாபாஸ்கல் கான்கிரீட் பக்கத்திலேயே அசையாமல் நின்றதையும் நான் ஒரே மேசையில் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சோதனையின் பெயர் ஏஎஸ்டிஎம் சி 666, அமெரிக்கத் தரவிதி. கான்கிரீட் கட்டைகளைத் தண்ணீர் சூழ்ந்த தகரப் பெட்டிகளில் வைத்து, 4 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்கு இறக்கி, மீண்டும் ஏற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 மணி நேரம். இப்படி 300 சுற்று. சில சுற்றுகளுக்கு ஒருமுறை கட்டையை எடுத்து, மெல்ல அதிரவைத்து, அதன் அதிர்வெண்ணை அளப்பார்கள். நல்ல கட்டை மணிபோல ஒலிக்கும். உள்ளுக்குள் விரிசல் விழுந்த கட்டை, வெளியே ஒரு கீறலும் தெரியாதபோதே, விரிந்த மண்பானையைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். அதிலிருந்து கணக்கிட்ட விறைப்பின் மதிப்பு தொடக்கத்தில் இருந்ததில் 60 விழுக்காட்டுக்கு இறங்கினால் அதோடு சோதனையை நிறுத்திவிடலாம். கான்கிரீட் தோற்றதாகப் பொருள்.

அப்படியானால் கனடாவில் எல்லாருக்கும் தெரிந்த இந்தக் காற்று அக்கா வீட்டில் எங்கே போயிற்று? கலவை ஆலையில் மருந்து போட்டிருப்பார்கள். வழியில் தொலைப்பதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. லாரி நெடுநேரம் சுழன்றால் காற்று குறையும். பம்ப் குழாய் வழியாக உயரத்திலிருந்து விழுந்தால் குறையும். கலவையில் சேர்த்த நிலக்கரிச் சாம்பலில் எரியாத கரி அதிகமிருந்தால் அது மருந்தையே உறிஞ்சிவிடும். ஆனால் வீட்டுத் தளங்களில் நான் கண்ட பெரும்பான்மைக் குற்றம் மேற்பரப்பில் நடக்கிறது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று லாரி ஓட்டுநரிடம் சொல்லித் தண்ணீர் சேர்ப்பார்கள். தளத்தில் நீர் கசிந்து மேலே நிற்கும்போதே இரும்புக் கரணையால் தேய்ப்பார்கள். தேய்க்க வசதியாக மேலே ஒரு கை தண்ணீரும் தெளிப்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் மேலே உள்ள 2, 3 மில்லிமீட்டரில் குமிழெல்லாம் நசுங்கி வெளியேறி, தண்ணீர் மிகுந்த நோஞ்சான் பசை மட்டும் மிஞ்சியிருக்கும். கீழே கான்கிரீட் நல்லதாகவே இருக்கும், தோல் மட்டும் உரியும். படங்களில் நான் காண்பது அதுதான். நம் ஊரில் வழவழப்பான தளமே நல்ல கொத்தனாரின் கைவண்ணம். அங்கே வெளித்தளத்தை மரக்கரணையால் மட்டப்படுத்தி, துடைப்பத்தால் வரி இழுத்து விடுவதே கைவண்ணம். வழுக்கவும் செய்யாது.

உப்பு இதை இன்னும் கடுமையாக்குகிறது. வழுக்காமல் இருக்கத் தூவும் உப்பு பனியை உருக்கும்போது தளத்தை மேலும் நனைக்கிறது, உறைதல் சுற்றுகளைப் பெருக்குகிறது. வினோதம் என்னவென்றால், அடர்ந்த உப்புநீரைவிட ஏறக்குறைய 3 விழுக்காட்டு இளம் உப்புநீரில்தான் தோல் உரிதல் அதிகம். உருகிய பனியில் கலந்த உப்பு இளகி அந்த அளவுக்கு வந்துவிடலாம். காரின் அடியில் ஒட்டி வரும் சாலை உப்பும் நிறுத்துமிடத்தில் சொட்டும், ஆகவே அக்கா தன் கையால் உப்புத் தூவவில்லை என்றாலும் தளம் உப்பைத் தின்றிருக்கும். இன்னொன்று, தோட்டக்காரர்களான நமக்கு எளிதில் புரிவது. சிலர் பனி உருக்க உரத்தைத் தூவுவார்கள். அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கான்கிரீட்டை வேதிமுறையில் அரித்துவிடும். உறைபனி இல்லாத நம் தோட்டத்து உரக் கொட்டகைத் தரை மூட்டை அடுக்கிய இடத்தில் மட்டும் பொருபொருத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலை.

இப்போது அந்தக் காசு அகலக் குழிகள். ஒரு குழியை அருகில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கூம்பு வடிவில் இருக்கும், அடியில் பாதியாகப் பிளந்த ஒரு சிறு கல் உட்கார்ந்திருக்கும். அதன் மறுபாதி தெறித்த துண்டோடு போயிருக்கும். பசைக்குள் எத்தனை குமிழ் வைத்தாலும் கல்லுக்குள் குமிழ் வைக்க முடியாது. கல் ஊறி உறைந்தால், அதன் உள்ளே இருக்கும் தண்ணீர் கல்லின் நடுவிலிருந்து விளிம்புவரை ஓடித்தான் தப்ப வேண்டும். மீண்டும் அதே தூரக் கணக்கு. கிரானைட் போன்ற கெட்டிக் கல் தண்ணீரே குடிப்பதில்லை, பெரும்பாலும் தன் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, அதனால் பிழைத்துவிடும். பெரிய பெரிய துளைகள் உள்ள கல்லில் தண்ணீர் எளிதாக வெளியே ஓடிவிடும், அதுவும் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டுக்கும் நடுவே, நிறையத் தண்ணீர் குடித்து, ஆனால் மிக நுண்ணிய துளைகளில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்தான் வம்பு. செர்ட் என்ற சிலிக்காக் கல், களிப்பாறை, சிலவகைச் சுண்ணாம்புக் கல். மேற்பரப்புக்கு அருகில் அப்படியொரு கல் இருந்தால், மேலே இருக்கும் பசையைக் குடைந்து எறிந்துவிடும். இது அழகுக் கேடு, தளத்தின் உயிருக்கு ஆபத்தில்லை.

சாலைகளில் இதே நோய் கொடிய வடிவில் வருகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் போன்ற நடுப்பகுதி மாநிலங்களில் கான்கிரீட் சாலைகளின் இணைப்புகளை ஒட்டி, கோடு கோடாக, கருமையான மயிரிழை விரிசல்கள் வளைந்து கிளம்பும். பல ஆண்டு ஒன்றும் தெரியாது. சாலையின் அடியில் தேங்கிய ஈரத்தைச் சுண்ணாம்புக் கல் குடித்துக் குடித்து, அடியிலிருந்து மேலே நொறுங்கி வரும். மேலே விரிசல் தெரியும்போது அடிப்பாகம் சரளையாகியிருக்கும். அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று எனக்கு மிகவும் நிறைவு தருவது. அதே குவாரிக் கல்லை இன்னும் சிறிதாக உடைத்தார்கள். கல் சிறிதானால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தூரம் குறைவு, தண்ணீர் தப்பிவிடும். கல்லை மாற்றாமலே நோய் குறைந்தது.

கல்லின் தாங்குதிறனை உறைபெட்டி இல்லாமலே சோதிக்கும் ஒரு பழைய வழியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சில் கட்டடக் கல்லுக்காகத் தொடங்கியது. கல்லைச் சோடியம் சல்பேட் அல்லது மக்னீசியம் சல்பேட் கரைசலில் 16 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து, அடுப்பில் 110 டிகிரியில் உலர்த்தி, மீண்டும் ஊறவைப்பது. துளைக்குள் உப்புப் படிகம் வளர்ந்து, பனிக்கட்டி தள்ளுவதுபோலத் தள்ளும். 5 சுற்றுக்குப் பிறகு சலித்து எடைபோட்டால் எவ்வளவு உதிர்ந்தது என்று தெரியும். அமெரிக்கத் தரவிதிப்படி கான்கிரீட்டுக்கான பெருங்கல்லில் சோடியம் சல்பேட்டில் 12 விழுக்காட்டுக்கு மேலும், மக்னீசியம் சல்பேட்டில் 18 விழுக்காட்டுக்கு மேலும் உதிரக் கூடாது. பனியே இல்லாத நம் நாட்டின் சாலைப்பணி விதிகளிலும் இந்தச் சோதனை இருக்கிறது. தேவையில்லாததை வெள்ளைக்காரர்களிடமிருந்து காப்பியடித்தோம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்வதில்லை. நம் வெக்கையிலும் மழையிலும் பாறை ஆழம்வரை அழுகிப்போகிறது. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் கல் பளிங்காக இறுகியது, நடுமலைத்தொடர்க் கிரானைட்டும் புதிதாக வெட்டினால் இரும்பு. ஆனால் அதே குவாரியின் மேல்முகத்தில் பழுப்பு ஏறிய, உள்ளே களியாகத் தொடங்கிய கிரானைட்டும் இருக்கும். லாரியில் இரண்டும் கலந்து வந்தால் கண்ணுக்குத் தப்பலாம். சல்பேட் தட்டில் தப்பாது. பழுப்புக் கல் மூன்றாம் சுற்றிலேயே வாடிய ரொட்டிபோல உதிர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் உறைபனிக் கேட்டை ஒரே ஒரு முறை கண்டேன், அதுவும் இங்கே கடலோரத்தில். மீன் வைக்கும் ஒரு குளிர்க்கிடங்கு, உள்ளே மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. கட்டிச் சில ஆண்டுகளில் நடுத்தளம் மெல்ல உப்பி, கதவு மூட மறுத்து, தள்ளுவண்டி ஏற முடியாமல் போயிற்று. கான்கிரீட்டை இளப்பமாகப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். துளையிட்டு எடுத்த கான்கிரீட் நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே துளையிட்டபோது வந்த களிமண்ணில், வெண்ணெய்ப் பலகாரத்தின் அடுக்குபோல, விரல் தடிப்பில் பனிக்கட்டிப் படலங்கள் கிடந்தன. பாகான் டத்தோ வரை நீளும் இந்தக் கடற்களியில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். குளிர் காப்புப் பலகையை மெதுமெதுவாகக் கடந்து மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. மண் உறையத் தொடங்கியதும் கீழே இருந்து தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிப் படலங்கள் தடித்தன. தளத்தை அவைதான் தூக்கின. கட்டும்போதே தளத்துக்குக் கீழே காற்று ஓடும் குழாய்களைப் பதித்திருந்தால் நம் ஊர் வெக்கையே மண்ணை உறையாமல் காத்திருக்கும். அவசரப்பட்டுக் குளிரை நிறுத்தி ஒரேயடியாக உருகவிட்டால் அடியில் களி சேறாகித் தளம் அமிழ்ந்துவிடும் என்று சொல்லி, வாரக்கணக்கில் மெல்ல உருகவைத்தோம்.

அக்காவுக்கு இனி. இப்போதைய தளத்தின் உரிதல் தோலோடு நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுத்தியலால் ஆங்காங்கே தட்டினால், கணீரென்ற ஒலி நல்லது, பொத்தென்ற ஒலி உள்ளே பிரிந்திருப்பதைக் காட்டும். தோலோடு நின்றால், கோடையில் நன்றாக உலர்ந்தபின் சைலேன் வகை நீர்விலக்கி பூசலாம். அது துளைகளை அடைக்காது, நீர் ஊறுவதைத் தடுத்து, உள்ளே உள்ள ஈரம் ஆவியாக வெளியேற விடும். ஆனால் மேலே மெல்லிய சிமெண்டுப் பூச்சு போட்டு மறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு குளிர்காலத்தில் பெயர்ந்துவிடும்.

உடைத்துப் புதிதாகப் போடுவதானால், கனடாவின் சிஎஸ்ஏ ஏ23.1 தரவிதியில் சி-2 வகுப்பு என்று கேட்கட்டும். நடைபாதை, படிக்கட்டு, வீட்டு வாகனத் தளம் ஆகியவற்றுக்கென்றே வகுத்தது அது. குறைந்தது 32 மெகாபாஸ்கல் வலிமை, சிமெண்டு எடைக்கு 0.45க்கு மிகாத தண்ணீர், 20 மில்லிமீட்டர் கல்லுக்கு 5 முதல் 8 விழுக்காடு காற்று. லாரி வந்ததும் காற்றளவை அங்கேயே பார்க்கச் சொல்லலாம். 7 லிட்டர் பாத்திரத்தில் கலவையைக் குத்தி நிரப்பி, மூடியைப் பூட்டி, நீர் செலுத்தி, கைப்பம்பால் அழுத்தமேற்றிப் பிடியை அமுக்கினால் முள் காட்டிவிடும். சில நிமிட வேலை. தளத்துக்குத் தண்ணீர் வடியும் சரிவு இருக்கட்டும், அடியில் நீர் தேங்காத சரளை இருக்கட்டும். மேலே தண்ணீர் தெளித்துத் தேய்க்க அனுமதிக்கக் கூடாது. அதன்பின் ஒரு வாரம் ஈரம் காத்து, பிறகு ஒரு மாதமாவது நன்றாக உலர விட வேண்டும். இந்தக் காரணத்தால் இலையுதிர் காலக் கடைசியில் போடுவதைவிட வசந்தத்தின் முடிவில் போடுவது மேல். கட்டாயம் குளிரில் போட நேர்ந்தால், கான்கிரீட் 3.5 மெகாபாஸ்கல் எட்டும்வரை ஒரு முறையும் உறையாமல் போர்வை போட்டுக் காக்க வேண்டும். அதற்கு முன் உறைந்த கான்கிரீட் எந்தக் காலத்திலும் முழுப் பலத்துக்கு வராது.

முதல் குளிர்காலம் உப்பைக் கையால் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். பனியைப் பலகையால் தள்ளிவிட்டு, வழுக்கும் இடத்தில் மணல் தூவினால் போதும். லாரி கொண்டு வந்த சீட்டில் காற்றளவு, தண்ணீர் அளவு, கலவை வகுப்பு மூன்றும் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து உங்கள் அப்பாவுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.